வடலிக்கரையில் ஏறிய புகை

கண்டக்டர் வள்ளிநாயகம் சிகரெட்டை நிறுத்திய மறுநாள் காலையிலிருந்து, அதுவரை அவர் ஊதித் தள்ளிய புகையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியது. வந்தது அவர் வீட்டுக்கு அல்ல, எங்கள் பஸ்ஸுக்கு. தூத்துக்குடியில் கிளம்பி, உப்பளங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து, கடலைப் பார்த்ததும் இதற்கு மேல் ரோடு இல்லை என்று நின்றுவிடும் டவுன் பஸ் அது. அந்தக் கடைசி ஸ்டாப்தான் எங்கள் வடலிக்கரை. மீன்கூடையும் புத்தகப்பையும் தூக்குவாளியுமாக நாங்கள் ஏறி உட்கார்ந்து, பஸ்ஸை எப்போது எடுப்பார்கள் என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, உப்புக் குவியல்களுக்கு மேலே தாழப் பறந்து ஒரு சாம்பல் நிறத் துண்டு வந்தது, பின்படியில் ஏறியது, கண்டக்டர் சீட்டுக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி நின்றது, உப்பாபீஸ் ஸ்டாப் வந்ததும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இறங்கிப் போனது.

"யாரு இது, காலங்காத்தால நாத்தம் புடிச்சு?" என்று மீன்காரி சலேத்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாற்றத்தைப் பற்றி அவள் பேசியதில் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது; அவள் கூடையைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

வள்ளிநாயகம் ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், காரணம் விசில்தான். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. இது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கொஞ்ச நாளாக வள்ளிநாயகத்துக்கு முதல் விசிலோடு மூச்சு முட்டிவிடும். இரண்டாவது விசில் வரவேண்டிய இடத்தில் இருமல் வரும். புது டிரைவர் இசக்கிராஜா சட்டம் பேசுகிற பையன். ஒரு விசில் கேட்டால் வெட்டவெளி என்றாலும் பிரேக்கை மிதித்துவிடுவான். அப்படி உப்பளத்துக்கு நடுவில் ஆளே இல்லாத இடங்களில் எல்லாம் பஸ் நின்று நின்று போனது, ஒருநாள் சலேத்தம்மாளின் கூடை கவிழ்ந்து சாளை மீன் முழுக்க ரெஜினா டீச்சரின் மடியில் கொட்டியது. அன்றைக்கு வள்ளிநாயகம் குனிந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. எங்களுக்கும் தெரியும், பழைய டிரைவர் ராயப்பனுக்கும் அந்த இருமல் அப்படித்தான் ஆரம்பித்தது.

ராயப்பனையும் வள்ளிநாயகத்தையும் பிரித்துப் பார்த்த ஆள் எங்கள் ஊரில் கிடையாது. ஒரே பஸ்ஸில், ஒரே ரூட்டில், தலை நரைக்கும்வரை ஒன்றாக ஓடியவர்கள். வடலிக்கரையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியதும் ராயப்பன் இறங்கி, லிங்கத்துரை அண்ணாச்சியின் பெட்டிக்கடையில் கனிந்துகொண்டு தொங்கும் தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். ஒன்றுதான், இரண்டு வாங்கியதே இல்லை. முதல் பாதி டிரைவருக்கு, இரண்டாவது பாதி கண்டக்டருக்கு. பாதி முடிந்ததும், "வேய் நாயகம், இந்தாரும் உம்ம பங்கு" என்று நீட்டுவார். இவர் அதை இரண்டு விரலில் வாங்கி, கடலைப் பார்த்து நின்று முடித்துவிட்டு, படியில் ஏறி இரண்டு விசில் கொடுப்பார். ராயப்பன் பதிலுக்குச் சின்னதாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பார். சாயங்காலம் டவுனிலிருந்து பெண்டாட்டி அமலோற்பவத்துக்கு ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வாங்கிப் போவார், வழியில் ஒன்றைத் தின்று வாயில் அடிக்கிற நெடியை மறைக்க. அவள் ஒருநாளும் ஏமாந்தது கிடையாது.

போன ஆடியில் ராயப்பன் செத்துப்போனார். கடைசி மாதங்களில் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். அதற்குப் பிறகு அமலோற்பவம் எங்கள் பஸ்ஸில் ஏறவே இல்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வயதில் மெயின் ரோடு வரைக்கும் வெயிலில் நடந்துபோய் வேறு பஸ் பிடிப்பாள். வள்ளிநாயகம் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். வள்ளிநாயகமோ ஒருநாளும் முழு சிகரெட் குடிக்கவில்லை. பற்றவைத்து, டிரைவர் பக்கப் படியில் வைத்துவிட்டு, கடற்காற்று முதல் பாதியை எரித்து முடிக்கும்வரை காத்துநிற்பார். பிறகு தன் பங்கை எடுத்துக்கொள்வார். அதனால் சிகரெட்டை விடுவது என்றால் அவருக்குப் பழக்கத்தை விடுவது மட்டும் இல்லை, ராயப்பனுக்குப் படியில் வைத்துக்கொண்டிருந்ததையும் நிறுத்துவதுதான். எங்களுக்கே அது பொறுக்கவில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

திரும்பி வந்த புகையில், அதை அவர் ஊதிய நேரத்தின் வாசனையும் சத்தமும் அப்படியே இருந்தன. முதலில் வந்தது போன வாரத்துப் புகை, பிறகு போன மாதத்துப் புகை, அப்படியே பின்னோக்கி. அதில் என்ன இருந்தது? லிங்கத்துரை கடை ரேடியோ, கடல், இருமல். இடையிடையே வள்ளிநாயகத்தின் குரல் தனியாக, "அண்ணே, காத்து இன்னைக்கு ஜாஸ்தி, உங்க பாதி சீக்கிரம் முடிஞ்சிட்டு" என்று யாரிடமோ சொல்லும். அதைக் கேட்டு நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அவர் டிக்கெட் கட்டை மும்முரமாக எண்ணுவதுபோல் நடித்தார்.

முதல் வாரம் அவர் மனுஷனாகவே இல்லை. சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார், இறங்கவேண்டியவர்களை ஏறச்சொன்னார், கணக்கு டீச்சர் ரெஜினாவைப் பார்த்து "கூட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினார். கிராம்பு, சீரகம், புளிப்பு மிட்டாய் என்று எதையாவது வாயில் போட்டு அரைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று கை நடுங்கும், நெற்றி வேர்க்கும், பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடிவிடுவாரோ என்று இருக்கும். அப்படி ஒரு நேரத்தில்தான் சலேத்தம்மாள் சொன்னாள்: "அண்ணாச்சி, அடுத்த ஸ்டாப் வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. பொறவு பாத்துக்கலாம்."

அடுத்த ஸ்டாப் வந்தது. பார்த்தால், அந்தத் தவிப்பு போன இடம் தெரியவில்லை. வந்த தவிப்பு ஒரு ஸ்டாப் தூரம்தான் கூட வருகிறது, பிறகு தானாக இறங்கிவிடுகிறது என்பதை நாங்கள் அன்றைக்குக் கண்டுபிடித்தோம். அதிலிருந்து அவர் கை நடுங்கினால் போதும், பஸ்ஸே ஒரே குரலில் "அடுத்த ஸ்டாப் வரைக்கும்!" என்று கத்தும். வெளியூர்க்காரர்கள் யாரோ இறங்கப்போகிறார்கள் என்று நினைத்து வழிவிடுவார்கள்.

எங்களுக்கு அவர் மேல் அவ்வளவு பாசமா என்றால், பாசமும் உண்டு, சுயநலமும் உண்டு. புகை பின்னோக்கித்தானே வருகிறது, போன வருஷத்தைத் தாண்டினால் அதற்குள் என்னென்ன இருக்குமோ என்று எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. சலேத்தம்மாளின் புருஷன் கடலுக்குப் போகுமுன் லிங்கத்துரை கடையில்தான் டீ குடிப்பான். திரும்பி வராமல் போன அன்றைக்கும் குடித்தான். ரெஜினா டீச்சருக்கு, முன்பு பஸ்ஸில் ஓடிய டேப் ரெக்கார்டர் பாட்டுகள் வேண்டும். எனக்கு, கடற்கரையில் நின்ற புன்னைமரத்தின் பூ வாசனை, மரத்தை வெட்டி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இப்படி ஆளுக்கொன்று அந்தப் புகைக்குள் காத்திருந்தது. வள்ளிநாயகம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் வரவு நின்றுபோய்விடுமோ என்று நாங்கள் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தோம். லிங்கத்துரை அண்ணாச்சி, பஸ் வரும் சத்தம் கேட்டாலே கயிற்றின் நுனியை வாளித் தண்ணீரில் முக்கிவிடுவார், பஸ் போனதும் மறுபடி பற்றவைத்துத் தொங்கவிடுவார். யாவாரம் நொண்டியடித்தது. ஆனாலும் அவருக்கும் அந்தப் புகையில் கேட்கவேண்டிய ஒரு குரல் இருந்தது, யாருடையது என்று சொல்லமாட்டார்.

செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஏறினார். மூக்கைச் சுளித்து, "பஸ்சுக்குள்ள சிகரெட் குடிச்சது யாரு?" என்றார்.

"இது பழைய புகை சார்" என்றாள் டீச்சர்.

"பழசுன்னா? எப்ப உள்ளது?"

"இப்பத்தான் பங்குனிக்கு வந்திருக்கு."

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். அந்தப் புகைக்குள் அவரே வள்ளிநாயகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார், பங்குனி மாதத்தில் திட்டியதை அப்படியே. முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு கடுமையாவா பேசினேன்?" என்று கேட்டு, கண்டக்டரின் தோளைத் தட்டிவிட்டு உப்பாபீஸில் புகையோடு இறங்கிப் போனார்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மழை நாளில் ராயப்பனோடு ஒரே குடைக்குள் நின்று குடித்த ஞாபகம் வராமல் இருக்குமா? அண்ணாச்சி கயிற்றை முக்க மறந்திருந்தார். வள்ளிநாயகம் போனார், வாங்கினார், பற்றவைத்தார். முதல் பாதியைப் படியில் வைக்கக்கூட இல்லை, முழுவதையும் அவரே குடித்துவிட்டார்.

மறுநாள் புகை வரவில்லை. உப்பளத்தின் மேலே வெறும் வெயில்தான் அலைந்தது. அதற்கு மறுநாளும் இல்லை. நாங்கள் வெளியே உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வள்ளிநாயகம் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, "எல்லாம் போச்சு. அவ்வளவு நாளு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தது அத்தனையும் போச்சு. இனி முதல்லேருந்து என்னால முடியாது, என்னை விட்டுருங்க" என்றார்.

சலேத்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் அண்ணாச்சி, இத்தனை வருஷமா கண்டக்டரா இருக்கிய, ஒரு வெவரம் தெரியாதா உங்களுக்கு? பஸ்சு வழியில நின்னா, திரும்ப டெப்போவுக்குப் போயா கெளம்பும்? நின்ன எடத்துலேருந்துதானே கெளம்பும்! எந்திரிங்க."

அவர் எழுந்தார். அன்றைக்கு ஒரு ஸ்டாப், பிறகு ஒரு ஸ்டாப் என்று டவுன் வரைக்கும் பொறுத்தார், திரும்பி வரும்போதும் பொறுத்தார். அடுத்த நாளும் அப்படியே. ஒருநாள் காலையில் உப்புக் குவியலுக்கு மேலே அந்தச் சாம்பல் நிறம் தெரிந்தபோது நாங்கள் கைதட்டினோம். அவள் சொன்னது சரிதான், புகை எந்த மாதத்தில் நின்றதோ அந்த மாதத்திலிருந்தே வந்தது. தையைத் தாண்டியது, கார்த்திகை மழையைத் தாண்டியது, ராயப்பன் செத்த ஆடியையும் அவர் படுத்திருந்த மாதங்களையும் தாண்டியது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்த புகைக்குள் வேறு ஒரு இருமல் கேட்டது. கனத்த, பழைய இருமல். அதைத் தொடர்ந்து அந்தக் குரல்.

"வேய் நாயகம், இந்தாரும் உம்ம பங்கு."

வள்ளிநாயகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதார். உப்பாபீஸ் வந்ததும் புகை இறங்கிப் போனது.

அன்று சாயங்காலமே ரெஜினா டீச்சர் அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அமலோற்பவம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாளாம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவியளக் கொன்ன புகையில போயி அவிய சத்தத்தக் கேக்கச் சொல்லுதியளா?" என்று கேட்டாளாம். டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் மறுநாள் காலையில் அமலோற்பவம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏறினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தாள். வள்ளிநாயகம் கைகட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"வாங்க மைனி."

"உம்ம மேல எனக்குக் கோவம்தான் தம்பி. இன்னைக்கும் கோவம்தான். ரெண்டு பேருமா சேந்துதானே ஊதினிய? எத்தன தடவ காலப்புடிச்சிக் கேட்டிருப்பேன், எனக்காக விட்டுருங்கன்னு. ஒரு தடவையாவது விடணும்னு அந்த மனுசன் நெனச்சிருப்பாரா? அவிய செத்தத விட, அதுதான் எனக்கு ஆறல." நிறுத்தி, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "சத்தம் மறந்துபோச்சு தம்பி. மொகம் இருக்கு, சத்தம் இல்ல. அதான் வந்தேன்."

புகை வந்தது, படியேறியது, எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்காமல் முன்னால் வரைக்கும் போனது. மழைத் தூறலின் மணமும் டீசல் மணமும் வந்தன. வெட்டிப்போட்ட புன்னையின் பூ வாசனை வந்ததை நானும் இழுத்துக்கொண்டேன்.

"இதோட போதும் வேய்" என்றது ராயப்பனின் குரல். "நாளையிலேருந்து ரெண்டு பேரும் விட்டுருவோம். அமலி மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கா. எனக்குச் சோறு எறங்கல."

"நாளைக்குத்தானே அண்ணே?" என்றது புகைக்குள் இருந்த வள்ளிநாயகம்.

"நாளைக்குத்தான். மாதா மேல சத்தியம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். அதற்குப் பின்னாலேயே அடுத்த புகை ஏறியது, அதற்கு முந்தைய நாளுடையது. "நாளையிலேருந்து நிச்சயம் வேய். அவ அழுததப் பாத்தா தாங்கல." அதற்கும் முந்தைய நாள். "இன்னைக்கு மட்டும். நாளைக்கு விட்டுட்டுத்தான் அவ மொகத்துல முழிப்பேன்." அதற்கும் முந்தைய நாள். ஒவ்வொரு நாளும், மழையிலும் வெயிலிலும், தேர்தல் மைக் சத்தத்துக்கு நடுவிலும், மாதா கோயில் திருவிழா வேட்டுக்கு நடுவிலும், அந்த மனுஷன் நாளைக்கு நாளைக்கு என்று அதே கடையின் முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களுக்குச் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அமலோற்பவம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "தெனமும் சொல்லியிருக்காவளே. எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே" என்றாள். அழுதுகொண்டே சொன்னாலும் அவள் முகத்தில் இத்தனை நாள் இருந்த இறுக்கம் இல்லை.

அப்போதுதான் புகைக்குள்ளிருந்து அந்த வார்த்தை மறுபடி வந்தது. "இந்தாரும் நாயகம், உம்ம பங்கு." வள்ளிநாயகத்தின் வலதுகை தானாக எழுந்தது. இரண்டு விரல்கள் தானாகப் பிரிந்தன. அண்ணாச்சி புகையைக் கேட்கிற மும்முரத்தில் அன்றைக்கும் கயிற்றை முக்க மறந்திருந்தார், அது கடையோரத்தில் செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. வள்ளிநாயகம் அதைப் பார்த்தபடியே ஒரு படி இறங்கினார். அடுத்த ஸ்டாப் வரைக்கும் என்று கத்த எங்கள் வாய் வரைக்கும் வந்தது, ஆனால் பஸ்ஸே கிளம்பவில்லையே, எந்த ஸ்டாப்பைச் சொல்ல? இன்னொரு படியும் இறங்கினார்.

"தம்பி" என்றாள் அமலோற்பவம்.

அவர் திரும்பினார்.

"அவியளுக்குத்தான் அந்த நாளைக்கு வராமலே போச்சு. உமக்கு வந்திருக்கு. ஏறி விசில் அடியும்."

அவர் நின்றார். கடலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பிரிந்து நின்ற தன் இரண்டு விரலையும் பார்த்தார். பிறகு அதே விரல்களால் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தார், படியேறினார். முதல் விசில் வந்தது. இசக்கிராஜாவின் கால் பிரேக் மேல் இருந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், இருமல் வரப்போகிறது என்று. இரண்டாவது விசிலும் வந்தது. நீளமாக, நடுவில் உடையாமல், உப்பளத்தின் மறுகோடி வரைக்கும் போகிறமாதிரி வந்தது. அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு ஹாரன் கேட்டது. இசக்கிராஜா இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, தான் அடிக்கவில்லை என்றான். நாங்கள் தலையாட்டினோம், பஸ் கிளம்பியது.

உப்பாபீஸில் புகை இறங்கியது. அமலோற்பவம் இறங்கவில்லை, "டவுனுக்குத்தான்" என்றாள்.

புகை அதற்குப் பிறகும் பல மாதம் வந்தது. சலேத்தம்மாள் தன் புருஷனின் குரலைக் கேட்டாள், டீச்சர் பாட்டுகளைக் கேட்டாள், கடைசியில் எல்லாம் வந்து முடிந்து காலைக் காற்றில் உப்பு மணம் மட்டுமே மிஞ்சியது. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அமலோற்பவம் ஏறிய அந்த முதல்நாள் சாயங்காலம்தான். திரும்பி வந்து வடலிக்கரையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியதும், எல்லோரும் இறங்கிய பிறகும் அமலோற்பவம் படியோரம் நின்றாள். கையில் டவுனில் வாங்கிய மக்ரூன் பொட்டலம் இருந்தது. வள்ளிநாயகம் வழக்கமாகக் கடலைப் பார்த்து நிற்கும் இடத்தில், வெறுங்கையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மக்ரூனை எடுத்து, பாதியைக் கடித்துத் தின்றாள். மீதியை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாரும் தம்பி, உம்ம பங்கு."

அவர் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.